கனடாக் கொப்பி

தொண்ணூறுகளில் இராமநாதபுரத்திலிருந்து துபாய்க்குப் போன கல்யாணக் கேசட், போய்ச் சேர்ந்த அன்றே அங்குள்ள டெக்கில் ஓடியது. வவுனியாவிலிருந்து ரொறன்ரோவுக்குப் போன கலியாணவீட்டுக் கசெற் ஓடவில்லை. போட்டால் படம் உருண்டது, நிறம் போனது, கோடுகள்தான் மிஞ்சின. அதே கலியாணவீடு பாரிசில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. லண்டனிலும் சுவிசிலும் குறையில்லாமல் ஓடியது. தமிழ்நாட்டில் கேசட், இங்கே இலங்கையில் கசெற், வன்னியில் கொப்பி என்றாலும் விளங்கும், பொருள் ஒன்றுதான். இந்தியா 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோதும், அதே ஆண்டு பெப்ரவரியில் இங்கே ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியபோதும் இரு நாடுகளும் கைக்கொண்டது ஜேர்மனியில் பிறந்த பால் (PAL) முறைமை: படத்துக்கு 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் என்.ரி.எஸ்.சி.: 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். பிரான்ஸ் தனக்கென்று செக்காம் வைத்திருந்தது. ஆகவே வீடியோ அனுப்பும் பழக்கத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இருந்த வேறுபாட்டைக் கருவியில் தேடிப் பயனில்லை. சொந்தக்காரர் எங்கே போனார்கள், திரும்பி வர முடிந்ததா என்பதில்தான் அது கிடக்கிறது.

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள் துபாய், குவைத், மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா என்று போனார்கள். எல்லாம் பால் முறைமை நடந்த இடங்கள். போனவர் ஒப்பந்தம் முடிந்தோ விடுப்பிலோ ஊருக்கு வருவார். தங்கையின் கல்யாணத்தைக் கேசட்டில் பார்த்தவர் அடுத்த விடுப்பில் தங்கையின் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பார். அங்கே வீடியோ, வரப்போகிறவருக்கு இடைக்கால ஆறுதல். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இங்கிருந்து போனவர்களின் கதை வேறு. யாருக்கு எந்த நாட்டில் கதவு திறந்ததோ அங்கே போனார்கள். மூத்தவர் ஜேர்மனியில், அடுத்தவர் பிரான்சில், கடைசித் தம்பி கனடாவில் என்றால் ஒரு தாயின் மூன்று பிள்ளைகள் மூன்று தொலைக்காட்சி முறைமைகளுக்குள் இருந்தார்கள். அகதி வழக்கு முடியும்வரை ஊருக்குத் திரும்புவது நினைக்கவும் முடியாத காரியம். தங்கையின் சாமத்தியவீட்டுக்கும் தகப்பனின் செத்தவீட்டுக்கும் அவர்கள் வந்துசேர்ந்தது கசெற் வழியாகத்தான். செத்தவீட்டை வீடியோ எடுப்பதைத் தமிழ்நாட்டில் பலர் விசித்திரமாகப் பார்த்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் கொள்ளி வைக்க நேர்ந்த வீடுகளுக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கசெற்றுகளை எடுத்த சூழலையும் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மின்கம்பி வழி மின்சாரம் கிடையாது. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. கிடைத்த எண்ணெயில் ஜெனரேற்றர் ஓடும் நேரம்தான் கமெராவுக்கும் வெளிச்சத்துக்கும் பற்றரி சார்ஜுக்கும் உரிய நேரம். எடுத்த கொப்பியைத் தபாலுக்கோ கொழும்பு போகிறவர் கைக்கோ சேர்க்க வவுனியா வர வேண்டும். பயண அனுமதிப் பாஸும் சோதனைச் சாவடியும் தாண்ட வேண்டும். வன்னி ஊடாகச் செல்லும் ஏ-9 வீதி 2002இல் திறந்த பிறகுதான் இந்தச் சிரமம் சில ஆண்டுகளுக்குக் குறைந்தது. 2006 ஓகஸ்டில் அது மறுபடி மூடப்பட்டது. இந்த நிலையில் கனடாவுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பு என்று வன்னியிலிருந்த ஸ்ரூடியோக்காரரிடம் கேட்க முடியாது. மாற்றும் வேலை பெறுகிறவர் தலையில் விழுந்தது. ஸ்காபரோவிலும் பாரிசின் லா சப்பலிலும் தமிழ்க் கடைகள் அதைச் செய்து கொடுத்தன. எல்லா முறைமைக் கசெற்றும் ஓடும் டெக் வாங்கினால் போதும் என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அத்தகைய டெக் பெரும்பாலும் ஓட்டிக் காட்டும், மாற்றித் தராது. ரிவியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உண்மையான மாற்றத்தில் 625 கோடுகளை 525 ஆகச் சுருக்கி, 25 படங்களை 30 ஆக நிரப்ப வேண்டும். சாமானியர் கையில் எட்டும் கருவிகளில் அதனால் அசைவு திக்கித் திக்கி வரும். நாடாவின் நீளம் இன்னொரு சிக்கல். என்.ரி.எஸ்.சி. டெக் நாடாவை வேகமாக இழுப்பதால், பால் முறைமையில் மூன்று மணி நேரம் கொள்ளும் நாடா அங்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் கொள்ளும். அப்படியானால் இரண்டு கசெற், அல்லது மெதுவான வேகத்தில் மங்கல் படம், இல்லையேல் வெட்டு. வெட்டென்றால் யாரை வெட்டுவது? தாலிகட்டை யாரும் தொட மாட்டார்கள். பந்தியில் சோறு பரிமாறின அயலவர்கள்தான் கனடாக் கொப்பியில் காணாமற்போனார்கள்.

சிரமக் கணக்காக மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். ஆனால் இதே பொருத்தமின்மைதான் வன்னிக் குடும்பங்களுக்கு, அவர்கள் கேளாமலே, ஓர் ஆவணக்காப்பகத்தைச் சேர்த்து வைத்தது என்பது என் வாதம். தடையில்லாமல் ஓடும் கேசட் ஒன்றே போதும். அது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், பெட்டியில் ஊருக்குத் திரும்பி, பீரோவில் பூஞ்சை பிடிக்கும். ஓடாத கசெற்றோ இன்னொரு கசெற்றைப் பிறப்பிக்கும். மூலக் கொப்பி ஓரிடத்தில், மாற்றிய கொப்பி ஓரிடத்தில், பிரான்சுக்காரருக்கு வேறொன்று. பிறகு வன்னியில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. 2004 டிசம்பரில் கடல் முல்லைத்தீவுக் கரையை வாரியது. 2008இலிருந்து இறுதிப் போரில் சனம் வீட்டை விட்டு, பங்கரை விட்டு, கடைசியில் பையையும் விட்டு நடந்தது. செட்டிகுளம் மனிக்பாம் முகாம்களுக்குள் வந்துசேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அல்பத்தையும் கசெற்றையும் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர். மீள்குடியேறிய வீட்டுச் சுவரில் இன்று தொங்கும் கலியாணப் படம், வெளிநாடு போன கொப்பியிலிருந்து திரும்பி வந்த படமாக இருப்பது இப்பகுதிகளில் புதினமல்ல.

இதற்கு முதல் மறுப்பு நியாயமானது: காப்பாற்றியது தூரம், முறைமை அல்ல, லண்டனுக்குப் போன பால் கசெற்றும் தப்பித்தானே இருக்கிறது? ஆம், தூரம் இல்லாமல் எதுவும் தப்பியிராது. ஆயினும் லண்டனிலும் சுவிசிலும் ஓடிய கசெற், ஓடிய காரணத்தாலேயே வீடு வீடாகச் சுற்றியது, இரவல் போனது, தேய்ந்தது, சிலவேளை அதன் மேலேயே படம் பதியப்பட்டது. மாற்றக் காசு கொடுத்த கொப்பியை அப்படி யாரும் இரவல் விடுவதில்லை. இரண்டாம் மறுப்பு எனக்குக் கனமானது: மேற்கு நாடுகளில் ஆளில்லாதவர்கள்? 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறித்தார்கள். இரு பக்கமும் பால் முறைமைதான், ஒரே கசெற் ஓடியிருக்கும். ஆனால் இங்கே கமெராக்காரரைப் பிடிக்கவும் அங்கே டெக் வாடகைக்கு எடுக்கவும் காசு இல்லை. போய்வந்தது கடிதம்தான், போரில் அதுவும் நின்றது. முறைமை பொருந்தினால் உறவு பொருந்திவிடும் என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. நான் சொல்லும் காப்பகம் ஒரு பகுதியாரின் காப்பகம் என்பதையும் இது காட்டுகிறது. தமிழ்நாட்டுக்கும் அமெரிக்க உறவு உண்டே என்பது மூன்றாவது. உண்டு, ஆனால் கணினிப் பொறியாளர்கள் கூட்டமாகப் போன தொண்ணூறுகளின் கடைசியில் வீ.சி.டி. வந்துவிட்டது. கணினித் திரைக்குப் பாலும் என்.ரி.எஸ்.சி.யும் ஒன்றுதான்.

இரண்டு பழக்கங்களும் ஒரே மண்டபத்தில் சந்தித்ததும் உண்டு. கனடா மாப்பிள்ளை வன்னிக்கு வர முடியாது, வன்னிப் பொம்பிளை கனடாவுக்கு உடனே போக முடியாது. கலியாணம் திருச்சியில் அல்லது சென்னையில் நடக்கும். உள்ளூர்ச் சொந்தம் பார்க்கப் பால் கேசட் ஒன்றே போதும் என்றிருந்த வீடியோக்காரரிடம், கனடாவுக்கு வேறு, பிரான்சுக்கு வேறு என்று கேட்டவர்கள் ஈழத்தவர்கள். வன்னியில் இருந்த தாய்தகப்பனுக்கும் ஒரு கொப்பி. அது போக முடிந்த இடத்தில் ஓட மின்சாரம் இருக்காது.

இப்போது கிளிநொச்சியில் செத்தவீடு நேரலையாகப் போகிறது. கைத்தொலைபேசி எந்த நாட்டுக்கும் ஒன்றுதான். சிக்கல் பழைய நாடாக்களில் மிஞ்சியிருக்கிறது. கடைசி வீ.எச்.எஸ். டெக்குகளைச் செய்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ரொறன்ரோவில் உள்ளவர்கள் கணினிக்கு ஏற்றக் கொண்டுபோவது பெரும்பாலும் மாற்றிய கொப்பியை, அது அங்குள்ள டெக்கில் ஓடும் என்பதால். அதில் படம் ஒரு தலைமுறை மங்கியது, அயலவர்கள் வெட்டப்பட்டவர்கள். ஊரிலிருந்து வந்த மூலக் கொப்பி பேஸ்மன்றில் பெட்டிக்குள் இருக்கக்கூடும். ஒருமுறை போட்டு, படம் உருண்டதும் வெளியே எடுத்து வைத்தது. அதன் பிறகு எந்த டெக்கும் அதைத் தேய்க்கவில்லை, வன்னி மழையும் படவில்லை. பால் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து முதலில் ஏற்ற வேண்டியது அதைத்தான். பந்தியில் பரிமாறின அயலவர்கள் அதில் இருப்பார்கள்.