தபஸில் பதினேழு நாள்: நாசிர் குஸ்ராவின் சின்ன ஊர்கள்

நாசிர் குஸ்ராவின் ‘சஃபர்நாமா’வைப் படித்தவர்கள் பொதுவாக கெய்ரோவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஃபாத்திமிய கலீஃபாவின் அரண்மனை, கடைத்தெரு விளக்குகள், நைல் வெள்ளம். அடுத்ததாக ஜெருசலேம், மெக்கா. புத்தகத்தின் கடைசியில், அவர் ஊர் திரும்பும் வழியில் பாரசீகப் பாலைவனத்தைக் கடந்து போகிறார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். நயின், கர்மா, தபஸ், தூன், காயின் எல்லாம் பேர் தெரியாத சந்தை ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து வரி கூட இல்லை.

எனக்கு இந்தப் பக்கங்கள்தான் புத்தகத்திலேயே முக்கியமானவை. ஒரு பெரிய நகரத்தை யார் வேண்டுமானாலும் வியந்து எழுதலாம். ஒன்றும் நடக்காத ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்து, அங்கே எதைப் பார்ப்பது, எதை எழுதுவது என்பதில்தான் எழுத்தாளர் யாரென்று தெரியும். நாசிரின் பலமும் பலவீனமும் இந்தப் பக்கங்களில் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது. நான் படித்தது தாக்ஸ்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1986).

முதலில் ஆள் யாருன்னு சுருக்கமா. 1004-ல் குபாதியானில் பிறந்தவர். மெர்வ் நகரில் செல்ஜூக் ஆட்சியின் நிதித்துறையில் எழுத்தர். நாற்பது வயதுக்கு மேல் ஒரு கனவு கண்டு, குடியையும் வேலையையும் விட்டுவிட்டு 1046-ல் மக்கா நோக்கிக் கிளம்புகிறார். 1052 அக்டோபரில் பால்க் திரும்புகிறார். பயணம் முடிந்ததும் மொத்த தூரத்தைக் கூட்டி, பக்கவாட்டுப் பயணங்களைச் சேர்க்காமல் 2,220 பர்சாங் என்று எழுதுகிறார். ஒரு பர்சாங் தோராயமாக ஐந்தாறு கிலோமீட்டர்.

கூட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார் பாருங்கள், அதுதான் ஆள். இந்த மனிதர் வரி எழுத்தர். ஊருக்குள் நுழைந்ததும் அவர் கண் தானாகவே ஒரு படிவத்தை நிரப்ப ஆரம்பித்துவிடும். தேதி என்ன, முந்தைய ஊரிலிருந்து எத்தனை பர்சாங், மதில் இருக்கா, தண்ணீர் எங்கிருந்து வருது, என்ன விளையுது, என்ன நெய்றாங்க, ஆள்வது யார். நம்ம வேலையில் சர்வர் லாக் படிக்கிற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே அமைப்பு. அலுப்பா இருக்குன்னு சிலர் சொல்வாங்க. ஆனால் லாக் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரே அமைப்பில் வரிகள் வந்தால்தான் எங்கே அமைப்பு உடைகிறது என்று கண்ணில் படும்.

தூன்: சொல்லக் கேட்டதும் பார்த்ததும்

தூன் என்பது இன்றைய ஈரானின் ஃபிர்தௌஸ் நகரம். நாசிர் போனபோது அது ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, பெரும்பகுதி பாழாகிக் கிடந்த ஊர். சமவெளியில் இருக்கிறது, ஓடும் நீரும் கனாத்தும் உண்டு, கிழக்கே தோட்டங்கள், ஒரு பலமான கோட்டை. இதுவரைக்கும் வழக்கமான படிவம். அப்புறம் இரண்டு தகவல் வருகிறது.

ஒன்று, அங்கே ஸீலூ நெய்யும் பட்டறைகள் நானூறு. ஸீலூ என்பது பருத்தி நூலில் நெய்யும் தட்டையான விரிப்பு. மசூதிகளில் விரிப்பது. யஸ்த் பக்கம் மேய்போதில் இன்றைக்கும் நெய்கிறார்கள். இந்த நானூறை எடுத்து, ‘11-ம் நூற்றாண்டில் தூனில் 400 தறிப்பட்டறைகள் இயங்கின’ என்று போட்டுவிடுவது சுலபம். ஆனால் மூலத்தில் வினையைப் பார்க்கணும். நானூறு பட்டறைகள் இருந்தன என்று சொன்னார்கள், என்கிறார். இறந்தகாலம், அதுவும் பிறர் வாய்ச்சொல். பாழான ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், வந்த விருந்தாளியிடம் தன் ஊர் எப்படி இருந்தது தெரியுமா என்று சொல்லியிருக்கிறார். நாசிர் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டார். ஆனால் அது கேட்டது என்ற குறிப்பை விடவில்லை. ஒரு கணக்கெழுத்தரின் நேர்மை இது.

இரண்டாவது தகவல் பிஸ்தா. வீட்டு முற்றங்களில் பிஸ்தா மரங்கள் நிறைய இருந்தன; பால்க், துகாரிஸ்தான் பக்கத்து ஜனங்கள் பிஸ்தா மலையில்தான் வளரும் என்று நினைக்கிறார்கள், என்று எழுதுகிறார். இது அவரே கண்ணால் பார்த்தது. தன் ஊர்க்காரர்களின் தப்பெண்ணத்தைத் திருத்துவதற்காகவே ஒரு வரி ஒதுக்குகிறார். யாருக்காக எழுதுகிறார் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது: பால்க்கில் இருக்கிறவர்களுக்கு. ஊர் பாழ், ஆனால் முற்றத்தில் மரம் காய்க்கிறது. அவர் இதை உருக்கமாகச் சொல்லவே இல்லை. பக்கத்துப் பக்கத்து வரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கோனாபாத் கிணறு

தூனுக்கு அடுத்து கோனாபாத் கனாத் பற்றிய கதை. கனாத் என்பது மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைத் தொடும் ஒரு தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, நீரைத் தானாகவே ஊருக்கு ஓடவிடும் முறை. பம்பு கிடையாது, ஏற்றம் கிடையாது. இடையிடையே காற்றுக்கும் மண் எடுக்கவும் கிணறுகள்.

வழிப்பறிக்காரர்கள் துரத்தியபோது பயந்துபோன சிலர் கனாத் கிணறுகளில் குதித்துவிட்டார்கள். அதில் ஒருவனின் தகப்பன், மகனை எடுக்க ஆள் அமர்த்துகிறான். இருக்கிற கயிற்றையெல்லாம் முடிந்து இறக்கினால், அடி தொட எழுநூறு கஜம் ஆனதாம். மகன் செத்துக் கிடந்தான். அந்தக் கனாத்தின் நீளம் நாலு பர்சாங், வெட்டச் சொன்னவர் கைகுஸ்ரூ மன்னர் என்றும் சொன்னார்களாம்.

ஆழம் மிகை. கோனாபாத்தின் கஸபே கனாத் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பதினொரு பாரசீக கனாத்துகளில் ஒன்று. நீளம் 33 கிலோமீட்டருக்கு மேல். ஆழமான கிணறு 300 மீட்டர் அளவில். கைகுஸ்ரூவும் புராணக் காலத்து மன்னர். ஆனால் கதையில் வரும் தகப்பன் கயிறு தேடி அலைவது நிஜம். இந்த ஒரு இடத்தில் படிவம் உடைந்து உள்ளே ஒரு மனிதன் தெரிகிறான்.

அதே சமயம் அவர் எழுதாமல் விட்டதையும் சொல்லணும். கனாத் ஊரில் தண்ணீர் இருப்பது பாதி விஷயம். அதை யார் எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பது மீதிப் பாதி. அடியில் துளை போட்ட ஒரு செம்புக் கிண்ணத்தை நீர் நிரம்பிய பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு அளவு. அதை எண்ண ஒரு ஆள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பார். கோனாபாத் வட்டாரத்தில் இந்த நீர்க்கடிகாரம் அண்மைக்காலம் வரை புழக்கத்தில் இருந்தது. ஊர் சண்டையில்லாமல் இருக்கிறதென்றால் அந்தக் கிண்ணமும் ஒரு காரணம். எண்ணுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நாசிர், எண்ணுகிற ஆட்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை. ஊரின் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அவர் கண் நேராகக் கோட்டையைப் பார்க்கிறது.

தபஸ்: எந்த அமைதி?

இனி தபஸ். தூனுக்கு முன்னால் வருகிற ஊர். பேரீச்சைக்குப் பெயர் போனது. அரபு நூல்களில் ‘பேரீச்சைத் தபஸ்’ என்றே வரும். நாசிர் இங்கே பதினேழு நாள் தங்கினார். பார்க்க கிராமம் மாதிரி இருந்தாலும் ஜனக்கூட்டமுள்ள ஊர், தண்ணீர் குறைவு, வேளாண்மை அதைவிடக் குறைவு, பேரீச்சையும் தோட்டங்களும் உண்டு என்கிறார். மதில் இல்லை.

ஆள்பவர் கீலகீ பின் முஹம்மத். ஊரை வாளால் பிடித்தவர். அவர் காலத்தில் ஜனங்கள் எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள் என்றால், ராத்திரி கதவு சாத்துவதில்லை, மாடு கழுதைகள் தெருவிலேயே நிற்கும் என்கிறார். அதே மூச்சில் அடுத்த வரி: எந்தப் பெண்ணுக்கும் அந்நிய ஆணிடம் பேசத் துணிச்சல் கிடையாது, பேசினால் இருவரையும் கொன்றுவிடுவார்கள். அதற்கடுத்து, திருடனும் கொலைகாரனும் இல்லை, எல்லாம் அவருடைய காவலாலும் நீதியாலும். அப்புறம் ஒரு பட்டியல்: அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் நான் நீதியும் பாதுகாப்பும் கண்ட இடங்கள் நான்கு. எகிப்து அதில் ஒன்று. இந்தச் சின்னத் தபஸும் ஒன்று.

இந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு சண்டை. கொலைகாரன் இல்லாத ஊர் என்கிறார். அதற்கு முந்தைய வரியிலேயே கொலை இருக்கிறது. ஊர் செய்தால் அது நீதி, அதனால் கணக்கில் வராது. எகிப்தில் கடைத்தெருவையும் வாடகையையும் எண்ணி எண்ணி எழுதியவர், இங்கே எத்தனை பேர் அப்படிக் கொல்லப்பட்டார்கள் என்று கேட்கவில்லை. தூனில் ‘சொன்னார்கள்’ என்று ஜாக்கிரதையாகப் போட்டவர், இங்கே அந்தச் சொல்லையும் போடவில்லை. தான் நேரில் கண்ட மாதிரி எழுதுகிறார். பதினேழு நாள் தங்கினவருக்கு ராத்திரி கதவு திறந்திருந்தது தெரிந்திருக்கலாம். ஊர்ப் பெண்களின் மனசில் என்ன இருந்தது என்பது எப்படித் தெரிந்தது?

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம், அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பதினேழு நாளும் அவர் கீலகீயின் விருந்தாளி. கிளம்பும்போது அமீர் பரிசு கொடுத்தார். எழுபத்திரண்டு பர்சாங் தள்ளியுள்ள ஸூஸன் வரை துணைக்குத் தன் குதிரைச் சேவகனையும் அனுப்பினார். இதை மறைக்காமல் எழுதியதற்கு மறுபடியும் அந்தக் கணக்கெழுத்தரைப் பாராட்டணும். செலவுச் சீட்டைப் பக்கத்திலேயே குத்தி வைத்திருக்கிறார். வாசிப்பவர் இரண்டையும் சேர்த்துப் படிச்சா போதும்.

‘அந்தக் காலத்துக்கு அது சகஜம், இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது’ என்று சொல்லலாம். பாதிதான் சரி. சகஜமாக இருந்தால் அவர் ஏன் எழுத வேண்டும்? ஏழு வருஷம் எத்தனையோ ஊர் பார்த்தவர், இந்த வழக்கத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறார் என்றால் அவர் கண்ணுக்கே அது தனியாகத் தெரிந்திருக்கிறது. சகஜமில்லாத ஒன்றைக் கண்டு அதைப் புகழ்ந்திருக்கிறார். ஆகவே அவர் காலத்து அளவுகோலை வைத்தே கேள்வி கேட்கலாம்.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்லணும். நயினிலிருந்து தபஸ் வரை அவர் கடந்தது சாதாரணப் பாதை அல்ல. நயினிலிருந்து கர்மாவுக்கே 43 பர்சாங். நகரும் மணல். இரண்டு பர்சாங்குக்கு ஒரு சின்னக் குவிமாடமும் மழைநீர்த் தொட்டியும், வழி தவறாமல் இருக்கவும் வெயிலில் ஒதுங்கவும். குஃபிஜ்கள் என்று அவர் சொல்லும் கொள்ளைக் கூட்டத்தை அங்கிருந்து விரட்டி, ஒரு கோட்டையில் தன் ஆளை வைத்தவர் இதே கீலகீதான். அந்த மணலைத் தாண்டி உயிரோடு வந்த ஒரு பயணிக்குத் திறந்த கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. பாதுகாப்பு அவருக்கு வெறும் கருத்தல்ல. ஆனால் சாலையைக் காப்பதும், ஊருக்குள் ஒரு பேச்சுக்காக இரண்டு பேரைக் கொல்வதும் ஒரே நீதியின் இரண்டு பக்கம் என்று அவர் சேர்த்து வைப்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் பிரிக்கலாம். நானூறு பட்டறையையும் பிஸ்தா மரத்தையும் பிரித்தவருக்கு இதுவும் கைவந்திருக்கும்.

பிறகு

அந்த அமைதி நிலைக்கவும் இல்லை. நாசிர் போய் நாற்பது வருஷத்துக்குள், 1091-92 வாக்கில், குஹிஸ்தான் வட்டாரம் முழுக்க செல்ஜூக்குகளுக்கு எதிராகக் கிளர்ந்தது. தூன், தபஸ், காயின் மூன்றும் நிஸாரி இஸ்மாயிலிகள் பக்கம் போயின. செல்ஜூக் அமீர் ஒருவர் உள்ளூர்ப் பெரிய குடும்பத்துப் பெண்ணைக் கேட்டு வற்புறுத்தியதும் ஒரு காரணம் என்று இப்னுல் அதீர் எழுதுகிறார். அப்போது ஆண்டவர்கள் வேறு ஆட்கள். இருந்தாலும், வெளியிலிருந்து வந்தவருக்கு உறங்குகிற மாதிரித் தெரிந்த ஊர்களில் எவ்வளவு அடக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு இது ஒரு அளவு.

நாசிர் பார்த்த ஊர்களைப் போய்ச் சரிபார்க்கவும் வழி குறைவு. 1968 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் ஃபிர்தௌஸ் இடிந்தது. 1978 செப்டம்பர் 16 நிலநடுக்கத்தில் தபஸ் அநேகமாகத் தரைமட்டம். அந்த வட்டாரத்தில் செத்தவர்கள் குறைந்தது 15,000 பேர். இன்று இருப்பவை திரும்பக் கட்டிய ஊர்கள். ஆகவே அந்தப் பழைய சந்தை ஊர்களுக்கு இந்தச் சில வரிகள் முக்கியமான சாட்சி. சாட்சி முக்கியம் என்பதாலேயே குறுக்கு விசாரணையும் வேண்டும்.

பயண எழுத்தில் ‘அமைதியான ஊர்’ என்று ஒரு சொல் ரொம்ப மலிவு. தமிழிலும் அப்படித்தான். யாரும் சத்தம் போடவில்லை என்றால் அமைதி. ஏன் போடவில்லை என்று கேட்பதில்லை. தண்ணீர்க் கிண்ணம் சரியாக மூழ்கி எழுவதால் போடாமல் இருக்கலாம். போட்டால் கழுத்து போகும் என்பதாலும் இருக்கலாம். தெருவில் நிற்கும் விருந்தாளிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

சஃபர்நாமாவை வாங்குபவர்கள் கெய்ரோவோடு நிறுத்திவிடாமல் கடைசி இருபது பக்கத்தையும் படியுங்கள். வரிசையை மாற்றி, தூனை முதலில் படித்துவிட்டு அப்புறம் தபஸுக்கு வாருங்கள். ‘சொன்னார்கள்’ என்ற சொல் எங்கே இருக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் போதும்.