பெட்டி டேவிஸ் யாரையும் முந்தவில்லை

முதலில் அந்தக் குரல்தான். ஆன்-கால் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி, சர்வர் ஒருவழியாக எழுந்துவிட்டது, எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஏதோ ஸ்லை ஸ்டோன் பாட்டு முடிந்து ஆப் தானாக அடுத்ததுக்குத் தாவியது. ஒரு பெண் குரல். பாடுகிறதா அதட்டுகிறதா என்று பிடிபடவில்லை. தொண்டையின் அடியில் இருந்து கரகரவென்று கிளம்பி, சட்டென்று கீச்சென்று மேலே போய், பாதிச் சொல்லிலேயே நின்றது. அதன் கீழே பேஸ் கிடார் சண்டைக்கு வருவது போல வந்துகொண்டிருந்தது. மொபைலை எடுத்துப் பெயரைப் பார்த்தேன்: பெட்டி டேவிஸ், 1973.

அன்றைக்கே கூகுள் பண்ணியதுதான் தப்பு. பாட்டுக்கு முன்னால் கதை வந்துவிட்டது. காலத்தை முந்தியவர், யாரும் புரிந்துகொள்ளவில்லை, காணாமல் போனார், முப்பது வருடம் கழித்துக் கண்டெடுத்தார்கள். பிறகு மறுவெளியீட்டு எல்பிகளையே வாங்கினேன் (என்ன விலை என்று வீட்டில் சொல்லவில்லை). பழைய ஸோல், ஃபங்க், டிஸ்கோ ஆல்பங்கள் திரும்பி வரும்போதெல்லாம் உறையில் ஒட்டுகிற ஸ்டிக்கரிலும், உள்ளே செருகுகிற புத்தகத்திலும், அதைப் படித்துவிட்டு எழுதப்படும் விமர்சனங்களிலும் வரி மாறாமல் இதே கதைதான் வருகிறது. இசை வேறு வேறாக இருக்கிறது, கதை மட்டும் ஒரே டெம்ப்ளேட். பெட்டி டேவிஸ் விஷயத்தில் அந்த டெம்ப்ளேட் பொய் என்பது என் கட்சி. அதுவும் யாரையோ காப்பாற்றுகிற பொய்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி மேப்ரி 1944இல் வட கரோலினாவில் பிறந்தவர். பிட்ஸ்பர்க் பக்கத்து எஃகு ஆலை ஊரான ஹோம்ஸ்டெட்டில் வளர்ந்து, நியூயார்க் போய் ஃபேஷன் படித்து, மாடலாக இருந்தவர். சேம்பர்ஸ் பிரதர்ஸ் 1967இல் பாடிய ஹார்லம் பாட்டு ஒன்றை எழுதியவர். 1968இல் மைல்ஸ் டேவிஸைக் கல்யாணம் செய்து ஒரு வருடத்தில் பிரிந்தவர். மைல்ஸுக்கு ஹெண்ட்ரிக்ஸையும் ஸ்லை ஸ்டோனையும் காட்டியது இவர்தான். அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவதில்லை. பிறகு மூன்று ஆல்பங்கள்: 1973, 1974, 1975. நான்காவது 1976இல் லூசியானாவின் பொகலூசாவில் பதிவாகி அலமாரியில் தூங்கியது. லைட் இன் தி ஆட்டிக் என்ற கம்பெனி 2007இல் முதல் இரண்டையும், 2009இல் மற்ற இரண்டையும் கொண்டுவந்தது. நான்காவதுக்கு அதுதான் முதல் வெளியீடே.

இப்போது பாட்டுக்கு வரலாம். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் கிரெக் எரிக்கோ, தயாரிப்பும் அவரே. பேஸ் லாரி கிரஹாம். இரண்டு பேரும் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனில் இருந்தவர்கள். பின்குரலுக்குப் பாயிண்டர் சிஸ்டர்ஸ். பின்னாளில் டிஸ்கோவின் ராஜாவாகப் போகிற சில்வெஸ்டரும் அதில் உண்டு. இத்தனை வித்வான்கள் இருக்கிற இடத்தில் ஸ்ருதி சுத்தமாகப் பாடத் தெரியாத ஒரு பெண் நடுவில் நிற்கிறார் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஒருவகையில் அது உண்மை. அரீத்தா ஃப்ராங்க்ளின் மாதிரி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டி வளைத்து இறக்க பெட்டியால் முடியாது. ஆனால் ஹெட்போனில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அவர் குரலை ராகத்தின் பக்கம் வைக்கவில்லை, தாளத்தின் பக்கம் வைத்திருக்கிறார். எரிக்கோ விடும் இடைவெளியில் ஒரு உறுமல், கிரஹாம் கட்டைவிரலால் அடிக்கும் அடிக்கு ஒரு எதிரடி. பேஸ் வாத்தியமும் இவரும் மாறி மாறி வாய்ச்சண்டை போடுவது போல இருக்கிறது. இதைத் 'தெரியாமல் பாடுகிறார்' என்பது மிருதங்கத்துக்கு ஸ்வரம் வரவில்லை என்று குறைப்படுவது மாதிரி.

காலத்தை முந்தியவர் என்ற பேச்சை முதலில் எங்கே கண்டேன் என்று தேடிப் பார்த்தேன். 1989இல் வந்த தன்வரலாற்றில் மைல்ஸே கிட்டத்தட்ட அப்படிச் சொல்கிறார்: பெட்டி இப்போது பாடியிருந்தால் மடோனா போல, பெண் உருவில் ஒரு பிரின்ஸ் போல இருந்திருப்பார் என்கிற ரீதியில். பாராட்டுத்தான். ஆனால் பெட்டியே என்ன சொன்னார்? இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் ஒரு பெயர்ப் பட்டியல் வருகிறது. கொள்ளுப்பாட்டி எல்மோர் ஜேம்ஸ் கேட்டு ஆடினாள், பன்றிக்குத் தீனி வைக்கும்போது ஜான் லீ ஹூக்கர் ஓடிக்கொண்டிருந்தது என்று வட கரோலினாப் பண்ணை ஒன்றை நம் முன்னால் விரிக்கிறார். ப்ளூஸ்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். என்னை வித்தியாசமானவள் என்கிறார்களே, நான் எங்கிருந்து வருகிறேன் என்று பாருங்கள் என்பதுதான் பாட்டின் மொத்த வாதம். அடுத்த ஆல்பத்தில் ஃபங்க் என்ற சொல்லையே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தலைப்பாக வைத்த பாட்டில் இன்னொரு பட்டியல். ஸ்டீவி வொண்டர், டீனா டர்னர், அல் கிரீன், ஆன் பீபிள்ஸ், பேரி வைட், ஐசக் ஹேய்ஸ் என்று கூடப் பாடுகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறார்.

முதல் பட்டியல் முன்னோர். இரண்டாவது பட்டியல் சக ஊழியர்கள். மாரியம்மன் கும்மியிலிருந்து வில்லுப்பாட்டு வரை நம்மூரில் பாட ஆரம்பிக்கிறவர் முதலில் செய்வது இதுதானே, குருவைச் சொல்லி, சபையைச் சொல்லி, பிறகு கதை. நான் உங்களில் ஒருத்தி என்று இரண்டு முறை, பெயர் பெயராகச் சொன்னவரைத்தான் 'இவரைப் போல யாருமே இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக நிறுத்துகிறோம்.

சரி, பிறகு ஏன் விற்கவில்லை? காலம் தயாராக இல்லையா? 1973இல், பெட்டியின் முதல் ஆல்பம் வந்த அதே வருடம், அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டுகளில் ஒன்று மார்வின் கேயின் 'லெட்ஸ் கெட் இட் ஆன்'. அது எதைப் பற்றியது என்று விளக்கத் தேவையில்லை. 1974இல் பேரி வைட் முதலிடத்தில் இருந்தார். அவர் குரலே ஒரு படுக்கையறை. பெட்டியின் முதல் சிங்கிள்களில் ஒன்று, ராத்திரி ஒரு பாருக்குப் போகிற பெண் அதிர்ஷ்டம் இருந்தால் யாராவது கிடைப்பார்கள் என்று சொல்வது. அதைக் கண்டித்து எழுந்தது கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி. வானொலிகள் பின்வாங்கின.

ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று இங்கே முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் 1975இல் லபெல் குழுவின் 'லேடி மார்மலேட்' முதலிடத்துக்குப் போகிறது. மூன்று கறுப்பினப் பெண்கள் நியூ ஆர்லியன்ஸின் பாலியல் தொழிலாளி ஒருத்தியைப் பற்றிப் பாடுகிறார்கள், ஊரே கூடப் பாடுகிறது. அதே வருடக் கடைசியில் டோனா சம்மர், ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க முனகுகிறார், டிஸ்கோ உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அப்போ பெண் பாடக்கூடாது என்பதில்லை. எப்படிப் பாடலாம் என்பதில்தான் விஷயம். லபெல் பாடியது 'அவள்' கதை, படர்க்கை. டோனா சம்மர் பாடியது 'நான்'தான், ஆனால் அந்த 'நான்' கரைந்துபோகிற நான். கேட்கிறவனுக்கு அது மிரட்டலே இல்லை. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வடிவமைத்த சுகம் அது. (நல்ல பாட்டு, சந்தேகமில்லை.) பெட்டியின் 'நான்' பேரம் பேசுகிறது, கிண்டல் அடிக்கிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும் போல இருக்கிறது. இரண்டாவது ஆல்பத்திலிருந்து தயாரிப்பாளரும் அவரே. எழுதியது அவர், பாடியது அவர், ஸ்டுடியோவில் டிரம்மருக்கு எங்கே அடி விழ வேண்டும் என்று சொன்னதும் அவர்.

1973 இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. நன்றாகவே புரிந்துகொண்டது. புரிந்துகொண்டுதான் கதவைச் சாத்தியது. 'காலத்தை முந்தியவர்' என்று சொல்லும்போது அந்தக் கதவைச் சாத்திய கைகள் மறைந்துபோகின்றன. வானொலி நிலைய மேனேஜர், ஆல்பத்தை அலமாரியில் வைத்த கம்பெனி, கண்டன அறிக்கை எழுதியவர் எல்லாரும் பாவம், சீக்கிரம் பிறந்துவிட்டார்கள் அவ்வளவுதான் என்றாகிவிடுகிறது. எங்கள் ஆபீசில் ஒரு ஃபீச்சரைக் கொன்றுவிட்டு, மார்க்கெட் இன்னும் ரெடியாகவில்லை என்பார்கள். அந்த மார்க்கெட்டை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. மீட்டிங்கில் நாலு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

'காணாமல் போனார்' என்ற இன்னொரு சொல்லிலும் எனக்குத் தகராறு இருக்கிறது. 1980இல் அப்பா இறந்ததும் ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்பினார். 2022 பிப்ரவரியில் இறக்கும்வரை அந்தப் பக்கம்தான் இருந்தார். இசைக் கம்பெனிகளுக்குக் காணாமல் போனார், ஹோம்ஸ்டெட்டுக்கு அல்ல. நைஜீரியாவின் வில்லியம் ஓன்யெபோருக்கும் இதே கதிதான். எனுகுவில் சொந்த லேபிள் வைத்து சின்த்தசைசர் ஃபங்க் ஆல்பங்கள் வெளியிட்டு, எண்பதுகளின் நடுவில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போய், பழைய இசையைப் பற்றி வாயே திறக்காதவர். லுவாகா பாப் கம்பெனி 2013இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'யார் இந்த வில்லியம் ஓன்யெபோர்?' என்பது. எனுகுவில் போய்க் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். பேச மாட்டேன் என்ற ஒருவரின் முடிவு, அட்டையில் ஏறியதும் மர்மமாகிவிடுகிறது.

இந்த எரிச்சல் எனக்கு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், இளையராஜாவின் 1977-1983 பாட்டுகளைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்று ஒரு எல்பி போட்டது. அழகான வேலை, நானே வைத்திருக்கிறேன். ஆனால் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் ஒரு கம்பெனியின் உறைக்குள், மினி பஸ்ஸில் தினமும் கேட்ட பாட்டு புதையலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. யாருக்குத் தொலைந்தது?

அதற்காக மறுவெளியீடே வேண்டாம் என்று சொல்ல நான் யார். அது இல்லாவிட்டால் அந்த ராத்திரி எனக்கு அந்தக் குரல் கிடைத்திருக்காது. கதையைவிட எனக்கு உபயோகமாக இருந்தது உள்ளே அச்சிட்டிருக்கும் கிரெடிட்ஸ். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள், யார் எழுதினார்கள் என்ற பட்டியல். கோடில் எந்த வரியை யார் எழுதினார் என்று பார்க்க ஒரு கமாண்ட் உண்டு. பழைய கோடைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல விமர்சனம் கிடையாது. மூன்றாவது ஆல்பத்தில் வாசிக்கும் ஃபங்க் ஹவுஸ் குழுவில் பெட்டியின் சொந்தக்காரப் பையன்களே இருக்கிறார்கள். அதே ஆல்பத்தில் மைல்ஸுடன் சேர்ந்து எழுதிய மெதுவான பாட்டுக்குப் பித்தளை வாத்தியங்களை அமைத்தவர் கில் எவன்ஸ். அங்கே பெட்டி முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிட்டத்தட்டத் தயங்குகிறார். உறுமல் என்பது அவருக்கு வேறு வழியில்லாமல் வந்ததல்ல, தேர்ந்துகொண்டது என்று எனக்குப் புரிந்தது இந்தப் பாட்டில்தான்.

தப்பாகச் செய்த இடமும் உண்டு. முதல் ஆல்பம் எட்டே பாட்டு, ஏறத்தாழ அரை மணி நேரம். அத்தனை ரகளைக்கும் பிறகு கடைசியில் ஒரு சின்ன, சாந்தமான பாட்டோடு அடங்குகிறது. மறுவெளியீட்டுச் சிடியில் அதற்குப் பின்னாலேயே அப்போது ஒதுக்கி வைத்த பாட்டுகளை போனஸாகச் சேர்த்துவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியவனை மறுபடி இலைக்குக் கூப்பிடுவது போல. எட்டோடு நிறுத்துங்கள்.

2023இல், அவர் இறந்த மறுவருடம், 1979இல் பதிவான 'கிராஷின் ஃப்ரம் பேஷன்' முறையாக வெளிவந்தது. கேட்டேன். பாதி எனக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பு பளபளப்பாக இருக்கிறது, முன்பிருந்த சண்டை இல்லை, சில இடங்களில் குரல் எதன்மேல் நிற்பது என்று தெரியாமல் தேடுகிறது. இதை எழுதவே தயக்கமாக இருந்தது. மீட்டெடுத்த ஆல்பத்தை யாரும் சுமார் என்று சொல்வதில்லை, இறந்தவர் வீட்டில் காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். ஆனால் 1979இலேயே வந்திருந்தால் யாராவது ஒரு விமர்சகர் இதைச் சொல்லியிருப்பார். பெட்டிக்குக் கோபம் வந்திருக்கும், அடுத்த ஆல்பத்தில் அவர் பெயரையும் ஒரு பட்டியலில் சேர்த்துத் திட்டியிருப்பார்.