உழைப்பாளர் சிலையும் பெருமித மெய்ப்பாடும்

1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதருமப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக ஏற்றது. 1959இல் சென்னைக் கடற்கரையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை நிறுவப்பெற்றது. உழைப்பைப் போற்றுதல் பற்றி இதனைச் சோவியத்துப் பொதுக்கலையோடு ஓரினமாக எண்ணத் தோன்றும். அஃது ஆராய்தற்குரியது.

1960, 1970ஆம் ஆண்டுகளில் சோவியத்துப் பூங்காக்களிலும் பொதுச் சுவர்களிலும் வண்ணக் கல்லும் கண்ணாடியும் பதித்து இழைத்த மொசைக் ஓவியங்களில், உழைப்பவர் பெரும்பாலும் தலைநிமிர்ந்து நிற்பர். விண்கலமும் கதிரொளியும் அவரைச் சூழும். வினை முடித்தாரின் தோற்றம் அது. சென்னைச் சிலையிலோ நால்வர் நெம்பியும் பாறை இன்னும் பெயரவில்லை.

பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பற்றிப் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். மொசைக் ஓவியம் காட்டுவது கல்வியும் இசைமையும் பற்றிய பெருமிதம். இச்சிலை காட்டுவது தறுகண் ஒன்றே பற்றியது.

சிலையின் ஆங்கிலப் பெயர் 'உழைப்பின் வெற்றி' எனப் பொருள்படும். தமிழ் வழக்கு வெற்றியை விடுத்து உழைப்பாரையே பெயரில் நிறுத்திற்று. சிலையின் மெய்ப்பாட்டிற்கு இயைந்தது தமிழ்ப் பெயரே. ஆவடித் தீர்மானமும் இனி எய்த வேண்டிய நிலையையே குறித்தமை ஈண்டு நினையத்தக்கது.