ஹஷிமோட்டோ – ஒகாவா: விழுகிறவரைப் பற்றி ஒரு குறிப்பு

1999 ஜனவரி 4, டோக்கியோ டோம். ஷின்யா ஹஷிமோட்டோவும் நவோயா ஒகாவாவும் மோதிய ஆட்டம். ஜப்பான் தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதைத் தாண்டிப் போவதில்லை. "அன்னிக்கு விழுந்தது நிஜ அடி" என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். நான் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இந்த இருவரும் மோதியதில் நல்ல ஆட்டம் இது இல்லை என்பது என் கருத்து. நல்ல ஆட்டம் அதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பே, 1997 ஏப்ரல் 12 அன்று, அதே டோக்கியோ டோமில் நடந்துவிட்டது.

யார் இவர்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹஷிமோட்டோ 1965-ல் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். நியூ ஜப்பான் நிறுவனத்தின் பெரிய தூண். தலையில் வெள்ளைப் பட்டை, கறுப்பு முழுக்கால்சட்டை, 130 கிலோவுக்கு மேல் எடை, பக்கத்து ஊருக்குக் கேட்கும்படியான உதை. 'அழிவின் அரசன்' என்பது பட்டப்பெயர். 1997-ல் அந்த நிறுவனத்தின் முதன்மைப் பட்டமான ஐடபிள்யூஜிபி பெல்ட் அவர் இடுப்பில்தான் இருந்தது. ஒகாவா நிஜமான ஜூடோ வீரர். 1987-ல், 19 வயதில் உலகச் சாம்பியன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி. 1996 அட்லாண்டாவில் பதக்கம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே மல்யுத்த ரிங்குக்கு வந்துவிட்டார். அறிமுக ஆட்டத்திலேயே எதிரே நின்றது சாம்பியன்.

இந்த ஆட்டங்களின் முடிவு முன்கூட்டியே பேசிவைத்தது. இதை ரகசியம் மாதிரி சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பெட்டிக்கடையில் டபிள்யூடபிள்யூஎஃப் கார்டு வாங்கிச் சேர்த்த பசங்களுக்கே அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான். அப்புறம் எதை வைத்து நல்ல ஆட்டம், மோசமான ஆட்டம் என்று பிரிப்பது? நான் விழுகிறவரை வைத்துப் பிரிக்கிறேன்.

ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். 'உகெமி' என்று பெயர். எறியக் கற்றுக்கொடுக்கும் முன், உடம்பை எப்படித் தரையில் விடுவது, கையை எப்படி அடிப்பது, தலையை எப்படி உள்ளே வாங்குவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியில் எறிகிறவருக்கு 'தோரி' என்று பெயர், வாங்குகிறவருக்கு 'உகே'. நல்ல உகே இல்லாமல் யாரும் தோரி ஆக முடியாது. ஒகாவா உலகச் சாம்பியன் ஆனதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான முறை அவருக்காக விழுந்து கொடுத்த உடம்புகள் இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது.

1997 ஏப்ரலில் ஹஷிமோட்டோ செய்தது இந்த உகே வேலைதான். அவரும் பள்ளிக்கூடக் காலத்தில் ஜூடோ பழகியவர். ஒகாவா வெள்ளை ஜூடோ உடையிலேயே ரிங்குக்குள் வருகிறார். இந்தத் தொழிலில் அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. கயிற்றில் எப்படிச் சாய்வது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது, கூட்டத்தை எப்போது பார்ப்பது, ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமையையே ஹஷிமோட்டோ ஆட்டமாக மாற்றிவிடுகிறார். உதைகளை முழு கனத்தோடு விடுகிறார். "இவனுக்கு இது பழக்கமில்லை" என்று பார்க்கிறவர்களுக்குப் புரிகிறது. எறியப்படும்போது, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டவர் மாதிரி முழு உடம்பையும் கொடுக்கிறார். கடைசியில் ஒகாவா கழுத்தைப் பூட்ட, சாம்பியன் தோற்கிறார். அந்தச் சில நிமிஷத்தில் ஒகாவாவுக்கு ஒரு தொழில் கிடைத்துவிட்டது. மே 3-ல் ஒசாக்கா டோமில் மறு ஆட்டம். அதில் ஹஷிமோட்டோ உதைத்தே ஜெயித்தார். கணக்கு நேர்.

நம்ம வடாற்காடு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. பதினெட்டாம் நாள் துரியோதனன் சாவான் என்று குழந்தைக்கும் தெரியும். மண்ணில் அவனைப் பெரிதாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். ஆனாலும் துரியோதனன் வேஷக்காரர் சரியாக ஓடி, சரியாகத் திமிறி, சரியாக விழவில்லை என்றால் பீமன் வேஷம் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. கூட்டத்தில் யாரும் எழுந்து "இது பொய், அந்த ஆள் உயிரோடதான் இருக்கார்" என்று கத்துவதில்லை.

1999-ல் ஒகாவா கிட்டத்தட்ட அதைத்தான் கத்தினார். ஹஷிமோட்டோவைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து குத்தினார். முகத்தில் உதைத்தார். ஹஷிமோட்டோ ரிங்குக்கு வெளியே உருண்டு போய், என்ன நடக்கிறது என்று புரியாமல் திரும்பி வருகிறார், மறுபடியும் அடி. ஏழு நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. ஒகாவா விமானம் மாதிரி கையை விரித்துக்கொண்டு ரிங்கைச் சுற்றினார். மைக்கைப் பிடித்து, நியூ ஜப்பான் ரசிகர்களே கண்ணைத் திறங்க என்ற பொருளில் பேசினார். பிறகு இரண்டு தரப்பு ஆட்களும் ரிங்குக்குள் புகுந்து கைகலப்பு.

அங்கே கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார் என்பதுதான் என் கேள்வி. ரசிகர்கள் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். நெட்வொர்க்கில் இரண்டு கணினி பேசத் தொடங்கும் முன் 'ஹேண்ட்ஷேக்' நடக்கும். நான் இதை அனுப்புவேன், நீ இதை ஏற்பாய் என்று ஓர் ஒப்பந்தம். அதை நம்பி ஒரு பக்கம் கதவைத் திறந்து வைத்த பிறகு, அந்தக் கதவு வழியாகவே தாக்கினால் அதை யாரும் வீரம் என்று சொல்ல மாட்டோம். 1999-ல் ஹஷிமோட்டோ கையைத் தாழ்த்தித் திறந்து வைத்திருந்த உடம்பும் அப்படித்தான். நிஜச் சண்டை என்று தெரிந்து வந்திருந்தால் ஜெயித்திருப்பாரா என்பது வேறு விஷயம். தெரியாமல் வந்தவரை அடித்ததை 'நிஜம்' என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒகாவாவுக்குப் பின்னால் இருந்தவர் அந்தோனியோ இனோக்கி. நியூ ஜப்பானைத் தொடங்கியவரே அவர்தான். அன்றைய கலவரத்தைத் தூண்டியவரும் அவர்தான் என்று நம்புகிறவர்கள் ஜப்பானில் நிறையப் பேர். அவருடைய பழைய கணக்கு ஒன்று நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் முனிக் ஒலிம்பிக் ஜூடோ தங்க வீரர் வில்லம் ருஸ்காவோடு ஆடினார். அது பேசிவைத்த ஆட்டம்; இரண்டு பேரும் முழுசாக வீடு போனார்கள். அதே வருஷம் டிசம்பர் 12-ல் கராச்சி. எதிரே, மாபெரும் காமா பயில்வானின் குடும்பத்து அக்ரம் பயில்வான். அங்கே பேச்சு ஒத்துப்போகவில்லை. ஆட்டம் நிஜமாக மாறி, அக்ரமின் தோள் போனது. அதற்குப் பயன்பட்ட கைப்பூட்டு ஜூடோவிலும் உண்டு. ஆனால் கராச்சியில் ஆட்டம் முறிந்தது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். டோக்கியோவில் ஒரு பக்கத்துக்குத்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பேசாமல் இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பது சரியில்லை.

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. 2000 ஏப்ரல் 7-ல், தோற்றால் ஹஷிமோட்டோ ஓய்வு என்று அறிவித்து, தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். 34 வயசு. தோற்றார், ஓய்வு பெற்றார். அதே அக்டோபரில் திரும்பி வந்தார். அவமானப்பட்டதையும் விற்று, அழுததையும் விற்று, திரும்பி வந்ததையும் விற்றார்கள். நல்ல வியாபாரம்தான், ஆட்டமாக எனக்கு ஒட்டவில்லை.

2001-ல் ஹஷிமோட்டோ நியூ ஜப்பானை விட்டு வெளியே 'ஜீரோ ஒன்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். தன்னை அடித்த அதே ஒகாவாவைக் கூப்பிட்டு, சேர்ந்து ஜோடியாக ஆடினார். ஒகாவாவின் பிரபலமான எறி, ஜூடோவின் ஓசோட்டோ காரியிலிருந்து வந்தது. கதிர் அறுப்பது போல எதிரியின் காலை வெளிப்பக்கமிருந்து அறுத்துச் சாய்ப்பது. ஜோடியாக ஆடும்போது இதற்கு ஒரு மாற்று வடிவம் செய்தார்கள். ஹஷிமோட்டோ எதிரியைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்வார். ஒகாவா ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துச் சாய்ப்பார். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு, 'என்னையும் சேர்த்தே அறு' என்று அர்த்தம். 2005 ஜூலையில் ஹஷிமோட்டோ இறந்தபோது வயது 40. அந்த ஜோடி ஆட்டங்களில் ஏதாவது ஒன்று கிடைத்தால் பாருங்கள். எதிரியை விட்டுவிட்டு, பின்னால் விழுகிறவரைப் பாருங்கள்.