ராணி, ஆறு, நாலு

சினிமாவில் போக்கர் ஆடும் கதாநாயகன் எதிராளியின் கண்ணைப் பார்த்தே சீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். காசினோவில் 'த்ரீ கார்டு போக்கர்' மேஜையில் இந்த வித்தை செல்லாது. எதிரே இருக்கும் டீலர் சம்பளத்துக்குச் சீட்டுப் போடுகிறவர். அவர் எதையும் தீர்மானிப்பதில்லை. நம்ம ஊர் மூணு சீட்டில் வெறுங்கையை வைத்துக்கொண்டு ஆளை மிரட்டி ஓட வைக்கலாம். இங்கே யாரை மிரட்டுவது?

1994-ல் டெரெக் வெப் என்ற பிரிட்டிஷ் போக்கர் ஆட்டக்காரர் உருவாக்கிய ஆட்டம் இது. முதலில் 'ஆன்ட்டி' (அத்தை இல்லை, ஆரம்பப் பணயம்) வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று. உங்களுடையதைப் பார்த்துவிட்டு அதே அளவு இன்னொரு பணயம் கட்டலாம், அல்லது வைத்ததை இழந்து விலகலாம். டீலரிடம் ராணியாவது இல்லாவிட்டால் ஆன்ட்டிக்கு மட்டும் பணம். இரண்டாவது பணயம் சும்மா திரும்பி வரும். நூற்றுக்கு முப்பது தடவை இதுதான் கதி.

சிறந்த உத்தி ஒரே வரி. ராணி, ஆறு, நாலு அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டு, இல்லையேல் விலகு. இதை மனப்பாடம் செய்து ஆடினால், வழக்கமான போனஸ் அட்டவணையில், ஆன்ட்டியாக வைக்கும் நூறு ரூபாய்க்கு சராசரியாக 3 ரூபாய் 37 பைசா காசினோவுக்குப் போகும். 'அதெல்லாம் எதுக்கு, ராணி இருந்தா கட்டுவேன்' என்கிற சோம்பேறிக்கு 3 ரூபாய் 45 பைசா. ஆக, படித்ததற்குப் பரிசு எட்டு பைசா!

அதே மேஜையில் 'பேர் ப்ளஸ்' என்று இன்னொரு பணயம் உண்டு. டீலரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். ஜோடிக்கு 1, வரிசைக்கு 6, மூன்றும் ஒரே எண் என்றால் 30, ஒரே ஜாதி வரிசைக்கு 40. வரிசை இல்லாமல் மூன்றும் ஒரே ஜாதியாக வந்தால் சில மேஜைகளில் 4, சிலவற்றில் 3. மொத்தம் 22,100 விதமாகச் சீட்டு விழலாம். அதில் 1,096 இந்த ரகம். கூட்டிக் கழித்தால், நாலு கொடுக்கும் மேஜையில் நூற்றுக்கு 2.32 ரூபாய் போகிறது. மூணு என்றால் 7.28. எல்லாம் மேஜைத் துணியிலேயே அச்சடித்திருக்கும். ஒளிவு மறைவே இல்லை.

இந்த ஆட்டத்தின் மேல் என் புகார் இதுதான். எட்டு பைசா விஷயத்துக்கு நம்மை நெற்றி சுருக்கி யோசிக்க வைக்கிறது. ஐந்து ரூபாய் விஷயம் சீட்டு விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வெப்புக்கு இது தெரியாமலா இருக்கும்? பிற்பாடு பிரிட்டன் பந்தயக் கடைகளில் இருந்த சூதாட்ட மெஷின்களை எதிர்த்துத் தன் பணத்தைச் செலவழித்துப் பிரசாரம் செய்தார். ஒரு தடவைக்கு 100 பவுண்டு என்றிருந்த உச்சவரம்பு 2019 ஏப்ரலில் 2 பவுண்டானது. ஆடுகிறவனின் சாமர்த்தியத்தை வளர்க்கச் சொல்லி அவர் போராடவில்லை. விதியை மாற்றச் சொன்னார்.

யாராவது 'போக்கர் கத்துக்கிட்டேன்' என்று வந்தால் ராணி, ஆறு, நாலெல்லாம் கேட்காதீர்கள். 'ஒரே ஜாதிக்கு நாலா, மூணா?' என்று கேளுங்கள். விழித்தால், இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.