பட்டவராயனின் செருப்பு

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் ஆற்றில் குளித்து, பொங்கல் வைத்து, ஒவ்வொரு சாமியாகக் கும்பிட்டுக்கொண்டே வருவார்கள். பட்டவராயன் சன்னதி வந்ததும் எனக்கு மட்டும் கால் நின்றுவிடும். அங்கே காணிக்கை என்பது செருப்பு. தேங்காய் பழம் கொண்டுவருகிற மாதிரி ஜோடித் தோல் செருப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ராத்திரியானால் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு மலையெல்லாம் நடக்கிறார், அடுத்த வருஷம் வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்து அடியில் மண் அப்பியிருக்கும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிடும்போது நான் குனிந்து அந்தச் செருப்புகளின் அடியைப் பார்ப்பேன். சாமியைச் சோதிக்க இல்லை. எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்கத்தான். முப்பது வருஷம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக அலைந்தவனுக்கு வந்த வியாதி இது. மனுஷன் முகத்துக்கு முன்னால் அவன் காலில் கிடப்பதுதான் கண்ணில் படும்.

பட்டவராயன் கதை இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதை. முத்துப்பட்டன் என்ற பிராமணன், பொம்மக்கா திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவர் மேலும் ஆசைப்படுகிறான். அவர்களுடைய அப்பா வாலப்பகடை, தோல் வேலை செய்கிறவர். குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், அப்புறம் பெண் தருகிறேன் என்கிறார். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். மாட்டைக் காக்கப் போய்ச் சண்டையில் செத்து, பட்டவராயன் என்ற சாமியாகிறான். இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று பிற்காலத்தில் மாற்றிப் பாடியதையும் கவனித்து எழுதியிருக்கிறார். எதை மாற்றினாலும் செருப்பை மாற்ற முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்ன தெருக்கள் இருந்த ஜில்லா இது. அதே ஜில்லாவில் ஒரு சாமி, எனக்குச் செருப்பு கொண்டுவா என்கிறது. அதுவும் உழைக்கிறவன் செருப்பு. பட்டவராயனுக்கு யாரும் ஜரிகை வைத்த செருப்பு கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

என் ஊர் முக்கூடல். பள்ளு பாடப்பட்ட முக்கூடல் இது இல்லை, அது கீழே சீவலப்பேரிப் பக்கம். இது முத்துமாலை அம்மன் முக்கூடல், பீடி முக்கூடல். உட்கார்ந்து வேலை செய்கிற ஊரில் செருப்புக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். ஆனால் தோலைப் பற்றி நான் முதலில் கற்ற பாடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பீடி இலையிலிருந்துதான். முந்தின நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள் அம்மா. காய்ந்த இலையைச் சுருட்டினால் பொடியும், ஈரம் கூடினால் பீடி பிடிக்காது. விரலில் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லுவாள். பல வருஷம் கழித்து, பஜாரில் செருப்புத் தைக்கிற அண்ணாச்சி, அடித்தோலை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்” என்று ஓரமாக வைத்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அவர் தைப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊறின அடித்தோலைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுவார். தட்டத் தட்ட நார் நெருங்கி, சத்தம் ‘தொப் தொப்’ என்பதிலிருந்து ‘டக் டக்’ என்று மாறும். அந்தச் சத்தம் மாறினால்தான் கத்தியை எடுப்பார். விளிம்பிலிருந்து அரை விரல் உள்ளே தள்ளி, தோலின் அடிப்பக்கம் முழுக்க ஒரு சின்ன வாய்க்கால் கீறுவார். தையல் அந்த வாய்க்காலுக்குள் படுத்துவிடும், தரை முதலில் தோலைத் தின்று, அப்புறம்தான் நூலுக்கு வரவேண்டும். குத்தூசி இறங்கும். மெழுகு தேய்த்த நூலின் ஒரு முனை இந்தப் பக்கமிருந்தும் இன்னொரு முனை அந்தப் பக்கமிருந்தும் ஒரே துளையில் எதிரெதிரே போய் வரும். இரண்டு கையையும் விரித்து ஒரு இழுப்பு. நூல் முறுகி இறுகும்போது ‘கிர்ர்’ என்று மெழுகு அழுகிற ஒலி. பிறகு சுத்தியலால் ஒரு தட்டு. இப்படிப் போட்ட தையலில் நடுவில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் அசையாது, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். மிஷின் தையல் அப்படி இல்லை. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும், ஒரு பக்கத்து நூல் தேய்ந்தால் வரிசையாக வாயைப் பிளந்துகொள்ளும்.

நல்ல வேலைச் செருப்பு எது, நல்ல வேலை ஷூ எது என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இவர் மடியில் வைத்துப் பிரித்துத் திரும்பத் தைக்க முடிவது. மற்றதெல்லாம் அப்புறம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நல்ல சேஃப்டி ஷூ, பேர்போன கம்பெனி, வாங்கி இரண்டு தரம் போட்டுவிட்டு, பெரிய வேலை வரும்போது போடலாம் என்று பரணில் பத்திரமாக வைத்தேன். நாலு வருஷம் கழித்து எடுத்து மாட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனால், பதினோரு மணி டீக்கு முன்னால் அடி புட்டு மாதிரி உதிர்கிறது. நடந்த வழியெல்லாம் கறுப்புப் புட்டு. பாலியூரித்தேன் சோலுக்கு இது உள்ளதுதான் என்று பிறகு தெரிந்தது. காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்பை உள்ளுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கும், பெட்டியில் கிடந்தாலும் விடாது. ஆற்றங்கரை ஊரின் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். மேல்தோல் அப்படியே புதுசு. அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஊசி இறங்க எடமே இல்லையே தம்பி.”

சோலை மேல்தோலோடு ஒட்ட வார்த்துவிட்ட ஷூ அது. தையலும் இல்லை, தையல் போடத் தோதான விளிம்பும் இல்லை. உயிரோடிருக்கிற மேல்தோலைத் தூக்கிக் குப்பையில் போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

‘வெல்ட்’ வைத்துத் தைத்த ஷூவின் அருமை அன்று புரிந்தது. மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடுதான் சோலைத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து வேறு தைக்கலாம், மேல்தோலில் ஊசி படாது. கையால் காலங்காலமாகச் செய்த இந்த வேலையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிஷினுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர், ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவரின் மகன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இந்த வகை ஷூ தைத்துக் கப்பலேறுகிறது. நம் ஊர்க் கடையில் கேட்டால், “அது எதுக்கு அண்ணாச்சி, இது நல்லா ஓடும்” என்று வார்த்த ஷூவையே எடுத்துப் போடுவார்கள். விலை கூடத்தான். ஆனால் மூன்று தரம் அடி மாற்றின பிறகு கணக்குப் பாருங்கள்.

தோலிலும் இரண்டு ஜாதகம் உண்டு. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு உங்கள் பாதத்தையே அச்சாக எடுத்துக்கொண்டு விசுவாசமாகக் கிடக்கும், ஆனால் தண்ணீரில் ஊறினால் சோர்ந்துபோகும். குரோம் போட்டது மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் சூட்டையும் தாங்கும். தமிழ்நாட்டுக்கு குரோம் தோல் வந்த கதை எனக்குப் பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் செய்து பார்த்தபோது மனதில் வைத்தவற்றில் ஒன்று கமலைச் சால். எந்நேரமும் கிணற்றுத் தண்ணீரில் முங்கி எழுகிற தோல் அழுகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் குரோம் லெதர் கம்பெனியால்தான். ஆகவே, வயல் வரப்பு, காங்கிரீட், மழை என்று அலைகிறவனுக்கு மேலே குரோம். காய்ந்த பூமியில் உடைமுள் நடுவே நடக்கிறவனுக்கு ஆவாரம் பட்டைத் தோலில் கனமான அடி. முள் குத்தினாலும் பாதி வழியில் நின்றுவிடும், சாயங்காலம் உட்கார்ந்து ஊக்கால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கலாம். டயர் செருப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முள்ளுக்கு அதைப்போல அரண் இல்லை. ஆனால் அது காலுக்குப் பழகாது, கால்தான் அதற்குப் பழக வேண்டும்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். நின்று நடந்து கால் வீங்கியிருக்கும், அதுதான் வேலை செய்கிற கால். உள்ளே கிடக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அது உங்கள் ஷூ இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. பிறகு கையில் எடுத்து வளைக்க வேண்டும். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைந்தால் நல்லது, நடுப்பாதத்தில் மடிந்தால் கீழே வைத்துவிடலாம். சேஃப்டி ஷூவின் முன்னாலிருக்கும் இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது விதி. இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரும்பு சுண்டுவிரலில் லேசாகத் தொட்டால்கூட வேண்டாம். புதுச் செருப்புக் கடிப்பது தோல் கடிப்பது, ஒரு வாரத்தில் சமாதானத்துக்கு வந்துவிடும். இரும்பு சமாதானம் பேசாது.

பராமரிப்பு என்று பெரிசாக ஒன்றும் இல்லை, சோம்பல் இல்லாமல் இருந்தால் போதும். சிமென்டுப் பாலை அன்றைக்கே கழுவிவிட வேண்டும், அதிலிருக்கும் காரம் கைத்தோலை மட்டுமில்லை மாட்டுத்தோலையும் அரிக்கும். சேற்றை மட்டும் காயவிட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்து உதிர்க்கலாம். நனைந்த ஷூவை வெயிலில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தினத்தந்தியைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள், ராத்திரி ஒரு தரம் பேப்பரை மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி, ஒருநாள் விட்டு ஒருநாள். நேற்றைய வியர்வை காய ஒரு நாளாவது வேண்டாமா?

எண்ணெய் விஷயத்தில் எங்கள் பக்கத்துக் கை தாராளம். புதுச் செருப்பு வந்ததும் விளக்கெண்ணெயில் குளிப்பாட்டி எடுப்பார்கள். இது பாதி சரி. லேசாகச் சூடாக்கின விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, வாரிலும் மடிப்பிலும் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் துடைத்தால் தோல் இளகும். ஊற்றினால் தொளதொளவென்று ஆகி வார் நீண்டுவிடும், பிறகு ஊர்ப் புழுதியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். தெரு நாய்க்கும் அது பிரியமான பலகாரம்.

போன வருஷம் ஆடிக்கு முன்னால் அண்ணாச்சியிடம் போய், பட்டவராயனுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றேன். ரெடிமேடாகத் தொங்கியதை எடுத்துத் தருவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் வாளியை இழுத்துத் தோலைப் போட்டார். அளவு என்ன வைப்பது என்று நானே கேட்டேன், சாமி காலை யார் அளந்தது?

“எட்டு போடுவோம்” என்றார். கொஞ்சம் யோசித்தார். தோலின்மேல் வைத்த அச்சைச் சற்று வெளியே நகர்த்திக் கோடு கிழித்தார்.

“ரெண்டு நூலு கூட்டியே வைப்போம் தம்பி. மலை ஏறுனா கால் வீங்கும்லா.”