அறியாதிருக்கும் உரிமை

அறிவே விடுதலை என்று முழங்கும் நாம், ‘அறிய விரும்பவில்லை’ என்பவரைக் கோழையென ஒதுக்கிவிடலாமா? அலிஸ் வெக்ஸ்லர் 1995இல் எழுதிய ‘மப்பிங் ஃபேட்’ என்னும் நூல் இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

1968இல் அவருடைய தாய்க்கு ஹன்டிங்டன் நோய் எனத் தெரியவந்தது. உடலையும் சித்தத்தையும் சிறுகச் சிறுகச் சிதைக்கும் இந்நோய் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு நூற்றுக்கு 50 வீதம் வாய்ப்புண்டு. தங்கை நான்சி ஆராய்ச்சியாளர் பலருடன் சேர்ந்து அதற்குக் காரணமான பரம்பரையலகைத் தேடினார். 1993இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும், பரிசோதனை கைக்கெட்டியபோது சகோதரியர் இருவரும் அதனை நாடத் தயங்கினர். தீர்க்கும் மருந்தில்லாத நோயை முன்கூட்டியே அறிவது வாழ்வையே வெறுங் காத்திருப்பாக்கிவிடும் அன்றோ? அத்தயக்கத்தை மறைக்காது எழுதியமையே நூலின் சிறப்பு. நான்சி தம் நோயை உலகறியக் கூறியது 2020இலேதான். அவ்வேளையைத் தெரிந்தவர் அவரே.

எனினும், நூல் எழுப்பும் வினாவை நாம் மேலும் ஓரடி கொண்டுசெல்ல வேண்டும். அத்தேடலுக்குக் குருதி ஈந்தோர் வெனிசுவேலாவின் மரக்காய்போ வாவிக்கரை ஏழைகள். வைத்தியமே எட்டாத குடிசையில் தெரிவு என்பது ஏது? அமெரிக்காவிலோ 2008ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலையும் மருத்துவக் காப்புறுதியையும் காக்கின்றது. ஆயுட் காப்புறுதியைக் கைவிட்டுவிட்டது. குருதியிலுள்ள செய்தி இலாபக் கணக்கிற்கு இரையாகாத சமுதாயத்திலேயே, அறிவதும் அறியாதிருப்பதும் மெய்யான உரிமைகளாகும்.